நாட்டிய நாடகத்தில் பெண் பார்த்தது

எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை செய்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வது என் வேலை. ஆட்டோவின் கூரைமேல் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்போம். பின் சீட்டில் பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடம் எனக்கு. இரண்டு பக்கமும் நிகழ்ச்சியின் விளம்பரத் தட்டிகளைச் சாய்த்துக் கட்டிவிடுவதால் உள்ளே இருப்பவனை யாரும் பார்க்க முடியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. தெருமுனையில் நாலு பேர் நின்றால் அவர்களைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவன் நான். தட்டிக்குப் பின்னால் மைக்கைக் கையில் எடுத்தால் மட்டும் குரல் நடுங்காமல் வரும்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நோட்டீஸை ஒருமுறை நிதானமாக வாசித்துக்கொண்டால் பிறகு பார்க்கத் தேவையிருக்காது. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்களில் மெல்லிசைக் கச்சேரி. ஈஸ்டருக்கு முன்னால் மாதா கோயில் மைதானத்தில் இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் நாடகம். கொரட்டூரில் கும்பாபிஷேகம் என்றால் இரண்டு நாள் பரதமும் வில்லுப்பாட்டும். ஆவடிப் பக்கம் இருந்த கல்லூரியில் பிப்ரவரி மாதம் கலைவிழா நடக்கும். அதன் கடைசி நாள் நிகழ்ச்சிக்கு ஊர்மக்களும் வரலாம். "வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணியளவில்" என்று ஆரம்பித்து, "அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து கண்டு களிக்குமாறு" என்று முடிப்பேன்.

ஆட்டோ ஓட்டியவன் என் வயதுக்காரன். நான் ஒவ்வொரு முறை அப்படி முடித்ததும் அவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

"ஊருல கீற எல்லாரையும் குடும்பத்தோட வரச் சொல்றியே மாமே, உன் குடும்பம் எங்க? கள்ளிக்குப்பத்துல ஸ்டவ்வு தொடச்சிக்கினு கீதா?"

கள்ளிக்குப்பத்தில் நான் ஓர் அறையில் தனியாக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் போய்ச்சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. சாயங்காலம் வந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்தால் பேச ஆள் இருக்காது. சில நாள் காலையில் ஆட்டோவில் மைக்கைச் சோதித்துப் பார்க்க "ஹலோ, ஹலோ" என்று சொல்வதுதான், முதல்நாள் சாயங்காலத்திலிருந்து நான் வாயைத் திறந்து சொன்ன முதல் சொல்லாக இருக்கும்.

முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மனைவிக்கு என்மேல் அக்கறை உண்டு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். அவருடைய தூரத்துச் சொந்தத்தில் காட்டுப்பாக்கத்தில் ஒரு பெண். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும் பொறுப்பு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. வயது முப்பது ஆகிவிட்டதால் அவர்களும் பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நேராக வீட்டுக்குப் போய்ப் பெண் பார்த்தால், பிடிக்கவில்லை என்று சொல்வது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். அதனால் முதலில் ஏதாவது பொது இடத்தில், எதேச்சையாக வந்தது மாதிரி இரண்டு வீட்டாரும் வந்து தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் கோயில்தான்.

"கோயில்லயே வெச்சுக்கலாமா நைனா?" என்று அக்கா கேட்டார்.

கோயில் என்றால் எந்தக் கோயிலிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மைக் கட்டப் போகாத கோயில் அந்த வட்டாரத்தில் இல்லை. பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு நின்றால் ஆளாளுக்குக் கேலி செய்வார்கள். அந்த வாரம் நாங்கள் கல்லூரி விழாவுக்கு அறிவிப்புச் செய்துகொண்டிருந்தோம். கடைசி நாள் மாணவிகளின் நாட்டிய நாடகம், கடலோரத்து மக்களைப் பற்றிய கதை. எங்கள் தெரு ஆட்கள் அங்கே வர மாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மரியாதையாகப் பார்க்கலாம்.

"காலேஜுல டான்ஸ் நடக்குதுக்கா. அங்க வெச்சுக்கலாம்" என்றேன்.

அக்காவுக்கு ஆச்சரியம். "பரவாயில்லையே! வாயே தொறக்க மாட்டேன்னு பாத்தா, பொண்ணு பாக்க டான்ஸுக்கே கூப்புடுறான்!"

மாம்பழ நிறப் புடவையில் அந்தப் பெண் வருவாள் என்றும், அக்கா அவர்களோடு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்றும், அதே வரிசையில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார வேண்டும் என்றும் பேச்சு.

அன்றைக்குச் சாயங்காலமும் கடைசிச் சுற்று அறிவிப்பு இருந்தது. அதை முடித்துக்கொண்டு ஆட்டோவிலேயே சட்டையை மாற்றினேன். ஓட்டுநர் நண்பன் தன் சீப்பைக் கொடுத்தான். "மாமே, உள்ள போயி பொண்ணப் பாரு. பொண்ணு கூப்புட்டு எதுனா கேட்டா, 'அனைவரும் வாரீர்'னு ஆரம்பிச்சிடாத" என்று சொல்லிக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டான்.

அரங்கத்துக்குள் நான் அதுவரை போனதே கிடையாது. கல்லூரியில் சொந்த மைக் செட் இருந்ததால் எங்களுக்குத் தெரு அறிவிப்பு மட்டும்தான். கூட்டத்தில் அக்காவைத் தேடினேன். நடுவில் ஒரு வரிசையிலிருந்து அவர் கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. என் நாற்காலியில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கித் திரும்புவதற்குள் விளக்குகள் அணைந்துவிட்டன.

கரண்ட் போய்விட்டது என்றே நினைத்தேன். வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ஆனால் மேடையில் மட்டும் நீலமாக வெளிச்சம் வந்தது. சலங்கைச் சத்தம் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. நான் பார்த்த கச்சேரிகள் எல்லாம் திறந்த வெளியில், டியூப் லைட் வெளிச்சத்தில் நடப்பவை. பாடுகிறவர்களைவிடக் கேட்கிறவர்கள்மேல் வெளிச்சம் அதிகமாக இருக்கும். நாட்டியத்துக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பது, ஊருக்கெல்லாம் அதை அறிவித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மேடையில் யாரோ வலை வீசினார்கள். யாரோ அழுதார்கள். நான் பக்கவாட்டில் திரும்பி இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை வெளிச்சம் மஞ்சளாக மாறும்போது மட்டும் எங்கள் வரிசையில் முகங்கள் கொஞ்சம் தெரியும். அதற்குள் மறுபடி நீலம் வந்துவிடும். நீலத்தில் எல்லாப் புடவையும் ஒரே நிறம். ஒருமுறை ஒரு பெண் சிரித்து அடங்கியது கேட்டது. அது அவளாக இருக்கலாம் என்று நினைத்து, அந்தச் சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் இருந்தவர் பொறுக்க முடியாமல் காதில் சொன்னார்: "அண்ணாத்தே, மேடை அந்தாண்ட கீது."

விளக்குகள் எரிந்து எல்லோரும் கைதட்டி எழுந்தபோது அக்கா மட்டும்தான் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலிகள் காலி.

"பூந்தமல்லி பஸ்ஸு போயிடும்னு பாதியிலயே கெளம்பிட்டாங்கப்பா. இன்னா எடம் புடிச்ச நீ? என் கையே எனக்குத் தெரியல!"

நாலைந்து நாள் கழித்துக் காட்டுப்பாக்கத்திலிருந்து சேதி வந்தது. கடையில் முதலாளியும் ஓட்டுநரும் இருக்கும்போதே அக்கா அதைப் போட்டு உடைத்தார்.

"அந்தப் பொண்ணோட மாமன் கேக்குறாரு: மாப்பிள்ளைக்குக் கண்ணு கிண்ணு ஒண்ணரையா, காலு கீலு இழுக்குதா, எதுக்கு இருட்டுல வெச்சுக் காட்டுறீங்கன்னு. ஏதோ கொறைய மறைக்கத்தான் தேடிப் புடிச்சு அந்த எடத்தச் சொன்னோமாம்!"

முதலாளி சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குத் தலை நிமிரவில்லை. குறையை மறைக்கத்தான் நான் அந்த இடத்தைச் சொன்னேன் என்பதும் ஒருவிதத்தில் உண்மைதானே என்று தோன்றியது.

"வர்ற ஞாயித்துக்கெழமை பகல்ல போறோம். ஊட்டுக்கே போறோம். நல்லா வெயில்ல நிக்க வெச்சுக் காட்டிட்டு வர்றேன்" என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

நான் மறுக்கவில்லை. பார்க்காத அந்த முகத்தை அந்த நாலைந்து நாளில் நான் பலமுறை நினைத்திருந்தேன். சோறு வடிக்கும்போது இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். இந்த இடம் தவறினால் இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

காட்டுப்பாக்கத்தில் சின்ன ஓட்டு வீடு. மாமன் கறாரான ஆள். நாங்கள் உள்ளே நுழைந்ததும், "தம்பி, அந்த வேப்பமரத்தாண்ட ஒரு சேர் கீது, எடுத்துக்கினு வாங்களேன்" என்றார். நான் போய் எடுத்து வரும்வரை என் கால்களையே பார்த்தார். பிறகு, "கண்ணாடி போடாம எனக்குத் தெரியல. அந்தக் காலண்டர்ல இன்னிக்கு இன்னா திதி போட்டுக்கீறான்?" என்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துச் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா புடவைத் தலைப்பால் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

அவள் காபி கொண்டுவந்தாள். பெரிய கண்கள். விரல் நுனியில் ஊசி பட்ட தழும்புகள். டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவு ஓரமாக நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் என்னைப் பார்த்து.

மாமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு டான்ஸுல பாதியிலயே வந்துட்டோம். அந்த மீன் புடிக்கப் போனவன் கடைசில திரும்பி வந்தானா?"

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னிலேர்ந்து இதே பேச்சுதாங்க. பஸ்ஸுல கூட, 'ஏம்மா இழுத்துக்கினு வந்த, அவன் வந்தானோ இல்லியோ'ன்னு என் உசுர எடுத்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அரங்கத்தில் கேட்ட சிரிப்பு அவளுடையது இல்லை என்று அப்போது தெரிந்தது. இவள் நாடகத்தை அப்படி ஆழ்ந்து பார்த்திருக்கிறாள். இவள் ஏன் சிரிக்கப் போகிறாள்.

"தெரியாதுங்க" என்றேன்.

"கடைசி வரைக்கும் இருந்தீங்கதானே?"

"இருந்தேன்."

"அப்புறம்?"

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். கையில் மைக் இல்லை. முன்னால் தட்டி இல்லை.

"பாக்கல" என்றேன்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு "ஓ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்ப வரவில்லை.

பூந்தமல்லி பஸ்ஸில் அக்காவுக்குப் பின் சீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. அவர் உடம்பையே திருப்பிக்கொண்டு கேட்டார்: "ரெண்டு மணி நேரம் உள்ள ஒக்காந்துக்கினு இருந்தியே, மேடையப் பாக்காம இன்னாத்தப் பாத்த?"

"அவங்க எங்க ஒக்காந்திருக்காங்கன்னு பாத்துக்கினு இருந்தேங்க்கா. நாடகத்தப் பாக்கவே இல்ல. கடைசி வரைக்கும் அவங்களத்தான் தேடிக்கினு இருந்தேன்."

பஸ்ஸின் இரைச்சலுக்காகக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அக்கா சீட்டுக் கம்பியைத் தட்டினார்.

"அடப்பாவி! இத அங்க சொல்லியிருந்தா அப்பவே பூ வெச்சிருப்பாங்களே!" பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. அக்கா என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "எறங்கு. எதிர் பஸ்ஸு புடிச்சுப் போயி அந்தப் பொண்ணாண்ட இத அப்படியே சொல்லு. நான் பூந்தமல்லி ஸ்டாண்டுல ஒக்காந்துக்கினு கீறேன். போ!"

எழுந்து படிக்கட்டு வரை போனேன். அந்த வாசலில் மறுபடி போய் நிற்பதையும், மாமன் "இன்னா தம்பி, எதுனா உட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்பதையும், எல்லோரும் சுற்றி நிற்க அந்தச் சொற்களைச் சொல்வதையும் நினைத்துப் பார்த்தேன்.

"எறங்குறியா இல்லியா நைனா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க" என்றேன். விசில் அடித்தார்.

அடுத்த வாரம் பதில் வந்தது. ஆள் நல்ல ஆள்தான், குறை ஒன்றும் இல்லை, ஆனால் எதிலும் மனம் ஒட்டாதவராகத் தெரிகிறார், பெண்ணுக்கு ஒத்துவராது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். "நானாவது போயி நடந்தத சொல்லட்டுமா?" என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வேறு வாய் வழியாகப் போனால் அது சாக்கு மாதிரி ஆகிவிடும் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வருடம் போரூர்ப் பக்கம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அக்கா போய்விட்டு வந்தார். மறுநாள் கடையில் தாம்பூலப் பையை என்னிடம் கொடுத்தார். அறைக்குப் போய்ப் பிரித்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். வெற்றிலையைப் பக்கத்து வீட்டம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, தேங்காயை உடைத்து ஒரு மூடியில் சட்னி அரைத்தேன். அதை இரண்டு வேளை வைத்துச் சாப்பிட்டேன். மற்ற மூடி கெட்டுப்போய்விட்டது.