அம்மா வைத்த ஆங்கிலப் பரீட்சை

போன வாரம் ரங்கூனில் சீனக் கடைத்தெருவான லத்தா பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. உலர்பொருள் கடைக்காரர்கள் தார்ப்பாயை விலக்கி மூட்டைகளுக்குக் காற்று காட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ஆரஞ்சுத் தோல், காளான், உலர்ந்த இறால் எல்லாம் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வாய் தானாக ஆங்கிலம் பேச ஆரம்பித்துவிட்டது. நம்பமாட்டீர்கள். 'இது காளான். எனக்குக் காளான் பிடிக்கும். ஏனென்றால்...' என்று ஓட ஆரம்பித்து, அந்த 'ஏனென்றால்' வந்த இடத்தில்தான் சுதாரித்துக்கொண்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உதடு அசைந்திருக்கிறது போல.

குற்றம் என்னுடையது இல்லை, மெய்லினுடையது. அந்த வரிசையில்தான் அவளுடைய மாமா கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் தினமும் சாயங்காலம் அந்தக் கடை வாசல் வரைக்கும் நானும் அவளும் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசிக்கொண்டு வருவோம்.

அப்போது நான் நகரத்தின் நடுவே கியாக்டடா பேட்டையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நான் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைப் படித்துவிட்டு மேலாளர், "எம்மா, சரக்கு எப்ப வருதுன்னு கேக்கச் சொன்னா, நீ அவுங்க குடும்பத்தையெல்லாம் விசாரிச்சு எழுதியிருக்க" என்றார். அவரும் நம் ஆள்தான், திட்டுவதைத் தமிழில்தான் திட்டுவார். அடுத்த தெருவில் மூன்றாம் மாடியில் நடந்த ஆங்கில வகுப்புக்கு என்னை அனுப்பிவைத்தார். அங்கே போனால் மற்ற எல்லோரும் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள். அதற்கான ஆங்கிலத் தேர்வுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழுங்காக ஒரு கடிதம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவள் நான் ஒருத்திதான். அந்த மாடிப்படிகள் எவ்வளவு செங்குத்து தெரியுமா? மேலே போய்ச் சேர்ந்தால் எந்த மொழியிலும் பேச்சு வராது, மூச்சுதான் வரும். பாருங்கள், இப்போதும் எங்கேயோ போய்விட்டேன். மேலாளர் சொன்னதில் தப்பே இல்லை.

வகுப்பில் பேச்சுப் பயிற்சிக்கு ஆளுக்கு ஒரு ஜோடி சேர்த்துவிட்டார்கள். எனக்கு வாய்த்தவள் மெய்லின். வடக்கே மலைப்பக்கத்து ஊரான லாஷியோக்காரி. அங்கே சீனப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். வீட்டில் சீனம், கடைத்தெருவில் பர்மியம், புத்தகத்தில் ஆங்கிலம். உணவு பதப்படுத்தும் துறையில் முதுகலை படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, இந்தத் தேர்வில் அவர்கள் கேட்ட மதிப்பெண் வர வேண்டும். வாசிப்பில், எழுத்தில், கேட்டுப் புரிந்துகொள்வதில் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். பேச்சில் மட்டும் ஒரு முறை கவிழ்ந்துவிட்டாள். இன்னொரு முறை எழுதத்தான் நாள் இருந்தது. அதற்கும் மேல் போனால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். "இந்த வாட்டியும் வரலேன்னா அப்பா ஊருக்கு வரச் சொல்லிட்டாரு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலை காலியா இருக்காம்" என்றாள். பர்மிய மொழியில் சொன்னதை நம் வாயால் சொல்கிறேன். சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அதனால்தான் எனக்குப் பக்கென்றது.

அந்தப் பேச்சுத் தேர்வு இப்படி. எதிரே ஒருவர் உட்கார்ந்துகொண்டு ஓர் அட்டையை நீட்டுவார். 'உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று இருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். நமக்கெல்லாம் இது ஒரு பரீட்சையா? என் வீட்டில் இரண்டு நிமிடத்தில் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். முதல் நாள் பயிற்சியில் அந்த அட்டையை நான் நீட்டியதும் மெய்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலே மாறிவிட்டது. ஓர் ஏரி, கரையோரம் வில்லோ மரங்கள், குளிர்காலத்தில் பனி விழும், சின்ன வயதில் அங்கே பட்டம் விட்டேன் என்று ஒரு பிசிறு இல்லாமல் ஒப்பித்து முடித்தாள். நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

"லாஷியோல பனி விழுமா?"

"விழாது."

"அப்ப அந்த ஏரி?"

"சீனாவுல இருக்கு. நான் போனதில்ல."

விஷயம் இதுதான். சீன மொழியில் படிக்கிற பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் உண்டாம். தேர்வு எழுதிவிட்டு வெளியே வருகிறவர்கள் என்ன கேட்டார்கள் என்று இணையத்தில் எழுதிவைப்பார்கள். இன்னும் சிலர் அதற்கெல்லாம் மாதிரிப் பதில் தயாரித்துப் போடுவார்கள். அடுத்துப் போகிறவர்கள் அதை நெட்டுருப் போட்டுக்கொண்டு போவார்கள். மெய்லின் அப்படி யாரோ ஒருவருடைய வாழ்க்கை முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்த ஏரியைக் கேட்டுக் கேட்டுத் தேர்வாளர்களுக்கே காது புளித்துப் போயிருக்காதா?

"உன் கதையைச் சொல்லேன்" என்றேன்.

"என் கதைல என்ன இருக்கு? நம்மளப் பத்தி நாமளே பேசினா எங்க வீட்ல பெருமையடிக்கிறான்னு சொல்லுவாங்க. கேட்டா ஒரு வார்த்தைல பதில் சொல்லணும். சரியாச் சொல்லணும். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகுதான் வகுப்பு முடிந்ததும் நடந்துகொண்டே பேசுவது என்று ஏற்பாடு. கியாக்டடாவிலிருந்து பபேடான் வழியாக லத்தா வரை, கண்ணில் படுவதைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். வழியில் என் வீட்டைத் தாண்டிப் போய், அவளை விட்டுவிட்டுத் திரும்பி வருவேன். நான் பழக்கடையைக் காட்டுவேன். "அது வாழைப்பழம்" என்பாள். நான் காத்திருப்பேன். "முடிந்தது" என்பாள். ஏன் வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்கிறாய் என்று கேட்டால், "நீதான் காட்டினாய்" என்பாள். எங்கள் ஆங்கிலமும் கேட்கிறதுபோலவா இருக்கும்? எனக்கு இறந்தகாலம் எதிர்காலமெல்லாம் குழம்பும், நேற்று வருவேன் என்பேன். அவள் ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து எடுத்துத் தருவதுபோல இடைவெளி விட்டுப் பேசுவாள். பஸ் ஹார்னுக்கு நடுவே, சமோசா பொரிக்கிற புகைக்கு நடுவே, இப்படியே போய்க்கொண்டிருந்தோம். நாள்தான் நெருங்கியதே தவிர, வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருந்தது.

ஒரு நாள் நல்ல மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு வாசலில் ஒதுங்கினோம். ரங்கூன் வீடுகளில் மாடியிலிருந்து ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் மேலே மணி அடிக்கும். நான் அதைத் தொட்டதே கிடையாது, தெருவில் நின்று கத்துவதுதான் என் வழக்கம். மெய்லின் பூப்பறிக்கிற மாதிரி அதை மெல்ல இழுத்தாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு, அந்தச் சீனப் பொண்ணா? மேல கூட்டிக்கிட்டு வாடி, நனையுது பாரு" என்றார்.

அம்மா சூடாக இடியாப்பம் வைத்தார். பிறகு வழக்கம்போல விசாரணை. அம்மா பர்மிய மொழியில் பிறரோடு பேசினால் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசுவது போலவே இருக்கும். "தமீ, ஒங்க ஊர்ல காலைல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். தமீ என்றால் மகளே என்று அர்த்தம். பட்டாணி மாவைக் கூழாகக் காய்ச்சிச் சுடச்சுட நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுவோம் என்றாள் மெய்லின். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அம்மா, "ம்" என்றார்.

நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. யாராவது ஏதாவது சொன்னால் ம் கொட்டுவோம், கொட்டாவிட்டால் சொல்கிறவர் கோபித்துக்கொள்வார். மெய்லின் நிமிர்ந்து பார்த்தாள். பதில் முடிந்த பிறகும் ஒருவர் காத்திருக்கிறாரே என்று நினைத்திருப்பாள். ஊரில் குளிர் அதிகம், கிண்ணத்தைக் கையில் பிடித்துக் குளிர் காய்வோம் என்றாள். "ம்." அப்பா மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவார், சாப்பிட்ட பிறகுதான் பேசுவார். "ம், அப்புறம்?" நான் சத்தமில்லாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிறவருக்குப் பதில் முன்பே தெரியும். அம்மாவுக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்துகொள்ளாவிட்டால் அன்றைக்குத் தூக்கமும் வராது.

மறுநாளிலிருந்து அம்மாதான் தேர்வாளர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் டாக்டர், சினிமா, யெஸ், நோ, அவ்வளவுதான். ஆனாலும் குளித்து, பவுடர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை நீட்டுவார். மெய்லின் ஆங்கிலத்தில் சொல்வாள். அம்மா ம் கொட்டுவார். முடிந்ததும் என்ன கதை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்பார். ஒரு முறை அவள் மாண்டலேவுக்குப் போன பஸ் மண்சரிவில் நின்றுபோன கதையைச் சொன்னாள். ஒரு கிழவி தன் கூடையிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை எல்லோருக்கும் கொடுத்தாளாம்.

"எல்லாத்தையும் குடுத்துட்டா, பாவம், அவ யாவாரத்துக்கு என்ன பண்ணுவா?" என்றார் அம்மா.

அது வியாபாரத்துக்குக் கொண்டுபோன பழம் இல்லை, பேரனுக்குக் கொண்டுபோனது. மெய்லின் அதை முதலில் சொல்லவில்லை. முக்கியமில்லை என்று நினைத்திருந்தாளாம். "ஐயோ, அதுதானேம்மா முக்கியம்!" என்று அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

பதிலுக்கு மெய்லின் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஒரு பக்கம் எழுதினால் மூன்று வரியை விட்டுவைத்து மற்றதை அடித்துவிடுவாள். எனக்கு அழுகை வரும். ஆனால் சரக்கு வந்து சேர்ந்தது.

தேர்வன்று அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வெளியே காத்திருந்தேன். என்னை விடவும் நிதானமாகத்தான் அவள் இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, எப்போதுதான் முடிந்தது? பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்த பிறகுதான் சொன்னாள். 'திட்டமிட்டபடி நடக்காத ஒரு பயணம்' என்று அட்டை. மண்சரிவுக் கதையை எடுத்தாளாம். ஆனால் எதிரே இருந்தவர் சிலைபோல உட்கார்ந்திருந்தாராம்.

"அவரு ம் சொல்லவே இல்ல. முடிஞ்சதுன்னு சொல்லப் பாத்தேன்."

"ஐயையோ. அப்புறம்?"

"ஆன்ட்டி இருந்தா என்ன கேப்பாங்கன்னு நெனச்சேன். அவரு கேக்காமலே அதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். பேரனைப் பத்தியும் சொன்னேன்." கொஞ்சம் டீ குடித்தாள். "நடுநடுவுல நானே ம் சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன்."

நான் சிரித்த சிரிப்பில் டீ புரை ஏறிவிட்டது. மதிப்பெண் வந்தது, கேட்டதற்கு மேலேயே. அம்மா இரண்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதார். லாஷியோ அப்பா தொலைபேசியில் ஒரே வார்த்தை சொன்னாராம், "நல்லது." அதுவே அவருக்கு நீண்ட பேச்சு என்றாள் மெய்லின்.

இப்போது அந்த மூன்றாம் மாடி வகுப்பு இல்லை. கீழே கைப்பேசிக் கடை வந்துவிட்டது. அங்கே படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊரிலேயே இல்லை. மாமா கடையையும் விற்றுவிட்டார், வாசனை மட்டும் அடுத்த கடையில் இருக்கிறது. எனக்கு அதிலெல்லாம் பெரிய வருத்தம் இல்லை. போக வேண்டியவள் போனாள், படித்தாள், அங்கேயே நல்ல வேலையில் இருக்கிறாள். அவளை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து வீடியோவில் கூப்பிட்டாள். அம்மாவைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். என்ன ஆங்கிலம்! மடமடவென்று, சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாமல், நடுவில் சிரித்து, கையை ஆட்டி, தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டே போனாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் பேசறா. ஆனா முன்னெல்லாம் அவ இங்கிலீஷ் எனக்கு நல்லாப் புரியும்டி. இப்ப ஒண்ணுமே புரியல."