பெண் திசுவில் ஒரு பச்சைப் புள்ளி

ஆய்வகத்தில் அவளுக்குச் 'சுத்தக்காரி' என்று பேர். வீட்டில் கணவர் டம்ளரை ஒரு தடவை கழுவினால் இவள் இன்னொரு தடவை கழுவுவாள். மெழுகுக் கட்டியில் பதித்த திசுவை மெல்லிசாகச் சீவும்போது கட்டிக்கொரு புது பிளேடு. பத்தொன்பது வருடத்தில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

அன்று டாக்டரம்மா இருட்டறையிலிருந்து கூப்பிட்டார். புதிதாக வந்த ஒளிரும் சாயத்தை ஒரு பெண்ணின் திசுவில் சோதித்திருந்தார்கள். டி.என்.ஏ.வில் தனக்குரிய இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சாயம் அது. எக்ஸ் குரோமோசோம் சிவப்பாக ஒளிரும், ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் பச்சையாக. பெண் திசுவில் பச்சை தலைகாட்டக் கூடாது.

"இங்க பாருங்க, பச்சை. யாரோ ஆம்பள திசு கலந்திருக்கு. பிளேடு மாத்தினீங்களா?"

"மாத்தினேன் டாக்டர்."

கலப்பு என்றால் அந்த வாரத்து ரிப்போர்ட் அத்தனையும் சந்தேகம். அவள் பேரும் காற்றில் பறக்கும். இதில் வேடிக்கை, அந்தத் திசு அவளுடையதேதான். மூன்று வருடம் முன் தைராய்டை எடுத்தபோது, குப்பைக்குப் போவானேன் என்று, சோதனைக்காகப் பேரில்லாத படிவம் ஒன்றை நிரப்பி அவளே கொடுத்தது. மெழுகுக் கட்டியின் மேல் வெறும் எண்தான். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

புது பிளேடு போட்டு மறுபடி சீவினாள். மறுநாள் மதியம் பார்த்தால், எங்கும் செல்லுக்கு இரண்டிரண்டு சிவப்பு. ஒரு மூலைச் செல்லில் மட்டும் ஒரு சிவப்பு, ஒரு பச்சை. மேலே வந்து ஒட்டிய செல் இல்லை. பக்கத்துச் செல்களோடு ஒன்றாக, சொந்த வீட்டில் இருப்பதுபோல இருந்தது.

"உங்க தப்பு இல்ல," என்றார் டாக்டரம்மா. "இவங்க பையனச் சுமந்திருக்கணும். பிள்ளையோட செல் அம்மா உடம்புல பல வருஷம் தங்கிடும். ஆனா படிவத்துல, ஆண் குழந்தை 'இல்லை'ன்னு போட்டிருக்கே?"

அவள் கையெழுத்து அது. அவளுக்கு இரண்டு பெண்கள் என்பது ஊரறிந்தது. அதற்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, அரை நாள் இருந்தான். இவள் மயக்கத்தில் கிடந்தாள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவர் மட்டும் பார்த்தார். வீட்டில் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. எடுக்காமல் எடுக்காமல், படிவத்தில் கை தானாக 'இல்லை' என்று எழுதிவிட்டது, பாவம்.

மறுபடி மைக்ராஸ்கோப் மேல் குனிந்தாள். பார்த்துக்கொண்டே இருக்க ஆசைதான். ஆனால் வெளிச்சம் அதிகம் பட்டால் சாயம் மங்கிவிடும். சட்டென்று விளக்கை மறைத்தாள்.

படிவத்தை வாங்கி 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஒருவன்' என்று எழுதினாள். டாக்டரம்மா அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனார்.

அவள் கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நம்ம பையன நீங்க மட்டுந்தான பாத்தீங்க?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நானும் பாத்துட்டேன்."