சுவரில் இருந்த அண்ணன்

எங்கள் வீட்டில் செத்துப்போன ஆள்தான் காலையில் முதலில் எழுந்து பால் வாங்கி வருவார். என் அண்ணனைத்தான் சொல்கிறேன். கூடத்துச் சுவரில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், ராணுவச் சட்டையும் தொப்பியுமாக அவருடைய படம் மாட்டியிருக்கும். சட்டத்தின் மேல்மூலையில் குறுக்காக ஒரு கறுப்பு நாடா. அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே அண்ணன் டீயில் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், நாற்காலியைப் பார்ப்பார்கள், மறுபடியும் சுவரைப் பார்ப்பார்கள். கடைசியில் என்னைப் பார்ப்பார்கள். "ஒரே ஆள்தான், உட்காருங்க" என்பேன். வேறு என்ன சொல்ல?

கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. உயிரோடு இருக்கிற அண்ணனைச் செத்தவர்கள் சுவரிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவள் நான். நகை வேண்டும், நாலு ஊர் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்பட்டதில்லை. அந்தப் படம் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டினார். சண்டை மூண்ட வருஷம் நான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சீருடை போட்ட இரண்டு பேர் வந்து வாசலிலேயே நின்றார்கள். குண்டு விழுந்து லாரி முழுக்க எரிந்துவிட்டது என்றார்கள். ஆளை அடையாளம் காட்டியது கோட்டுப் பையில் இருந்த, பேர் பொறித்த தகடுதானாம். அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. அம்மா அவர்களைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அழ ஆரம்பித்தவள்தான். மாதக்கணக்கில் ஓயவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த சின்னப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, நாடா கட்டி மாட்டினோம். அம்மா தினமும் முந்தானையால் அதைத் துடைப்பாள், குளித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. சில நாள் படத்தைத் திட்டுவாள். "கொஞ்சம் பாத்து ஓட்டக் கூடாதாடா? அப்படி என்ன அவசரம் உனக்கு?" என்பாள். இன்னொரு நாள், "சாப்பிட்டியாடா?" என்று கேட்பாள். என்னால் அந்த அறையில் நிற்க முடியாது. பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருஷம் சண்டையில் பிடிபட்ட கைதிகளை இரண்டு பக்கமும் மாற்றிக்கொண்டார்கள். அப்படி விடுதலையானவர்களில் ஒருவராக, தோளில் ஒரு பையோடு, எலும்பும் தோலுமாக என் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். அவள் ஓடிப்போய் அவர் முதுகில் இரண்டு அடி போட்டாள். அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டாள். நான் முதல் வேலையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்தை இறக்க ஏறினேன். பின்னாலேயே வந்து அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருக்கட்டும். நீ இறங்கு."

"செத்தவங்க படம்ணா இது!"

"தெரியுது. இறங்கு."

அம்மாவும் முதலில் என் கட்சிதான். படத்தை எடுத்துத் தூரப்போடு என்று இரண்டு நாள் அவரைப் பிய்த்தெடுத்தாள். பிறகு ஒரு மத்தியானம் அம்மாவும் பிள்ளையும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே இருந்தார்கள். வெளியே வந்தபோது அம்மா கட்சி மாறியிருந்தாள். "இருந்துட்டுப் போகட்டும் விடுடி" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணுமா உனக்கு?" என்று என் மேலேயே பாய்ந்தாள். அதற்குப் பிறகும் அவள் படத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. பிள்ளை பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவள் இங்கே படத்தைத் துடைப்பாள். சொன்னால் யாராவது நம்புவார்களா?

அண்ணன் அதன்பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. கனரக வண்டிகள் வருகிற ஒரு பட்டறையில் பிரேக் வேலைக்குச் சேர்ந்தார். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை இறக்கி, தேய்ந்த பிரேக் லைனிங்கை எடுத்துவிட்டுப் புதிதை வைத்து ரிவெட் ஆணி அடிப்பார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்வரை கருந்தூள் அப்பியிருக்கும். பட்டறையில் அவருக்குப் பேர் பிரேக்கண்ணன். ஏன் வண்டி ஓட்டுவதில்லை என்று கேட்டால், "ஓட வைக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். நிக்க வைக்க ஒருத்தனாவது வேணாமா?" என்று சிரிப்பார்.

பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து மூடியைத் திறந்து மூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் இல்லையென்றால் என்னைக் கூட்டிப்போவார். அடியிலிருந்து குரல் மட்டும் வரும். "மிதி... பிடி... விடு. மிதி... பிடி... விடு." ஒரு தடவை நடுவில் நான் சத்தமாக ஒரு கொட்டாவி விட்டேன். கீழே சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால், அண்ணன் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழிகிற அளவுக்குச் சிரிப்பு. "என்னண்ணா?" என்றேன். "ஒண்ணுமில்லை, மிதி" என்றார்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்தப் பேருந்து எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று நாள் முழுக்க மைக்கில் கத்துகிற வேலை. வீட்டிலும் குரல் இறங்காது. அந்தக் குரலோடு அந்தப் படத்துக்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "பாவம், சின்ன வயசு. எப்படித் தவறினார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, தவறியவரே தட்டில் டீயோடு உள்ளே வந்தார். வந்திருந்த அம்மாளின் கையிலிருந்து பிஸ்கட் விழுந்துவிட்டது. அந்த வீட்டுப் பையன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். அவனைத்தான் கட்டிக்கொண்டேன்; அவனும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டான். ஆனால் அண்ணனுக்கு யாரும் பெண் தரவில்லை. தன் படத்துக்குத் தானே இழவு கொண்டாடுகிறவனுக்குப் புத்தி பிசகியிருக்கும் என்று வெளியே பேசினார்கள். அதுவும் அந்தப் படத்தால் வந்த வினைதான் என்று எனக்கு வயிறு எரியும்.

அம்மா போன மறுவருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அதுதான் சாக்கு என்று படத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அண்ணன் வேலை முடிந்து வந்து வெறும் சுவரைப் பார்த்தார். கை கால்கூடக் கழுவாமல் வீடு முழுக்கத் தேடி எடுத்து, புதுச் சுவரில் ஆணி அடித்தார். வெள்ளைச் சுவரில் அவருடைய கரி விரல்கள் பதிந்தன.

"உயிரோட இருக்கற மனுஷனுக்கு எதுக்குண்ணா இழவுப் படம்?" என்று கத்தினேன். "தினமும் அதைப் பாக்கறப்ப எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா? ஒரு தடவை உன்னைச் சாகக் குடுத்தது போதாதா?"

"நான் போறப்ப அது சரியான இடத்துலதானே இருக்கும்? உனக்கு வேலை மிச்சம்" என்றார்.

அது அவர் பாணி வேடிக்கை. நான் அந்த மாதம் முழுக்க அவரோடு பேசவில்லை.

கடைசியில் நுரையீரல் காலை வாரியது. அத்தனை வருஷப் பிரேக் தூளும் உள்ளேதான் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, கூட இருக்க வேண்டியவர்கள் இருந்துகொள்ளுங்கள் என்றார். திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக வெயில் அவர் போர்வையில் விழுந்திருந்தது. அழக்கூடாது என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சண்டை பிடித்தேன்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை இறக்கப் போறேன். நீ உசிரோட இருக்கறப்பவே அதை இறக்கினேன்னு எனக்கு இருக்கணும். தடுக்க எழுந்து வரமாட்டே. பாத்துக்கறேன்."

அவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "இறக்காதே. அது நான் இல்லை."

காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தேன். இல்லை. நிறுத்தி நிறுத்தி, தெளிவாகவே பேசினார்.

"என்கூட ஒருத்தன் இருந்தான். எந்நேரமும் கொட்டாவி விடுவான். கொட்டாவின்னுதான் கூப்பிடுவோம். நானும் அவனும்தான் லாரிக்குப் பிரேக் பாப்போம். நான் அடியில, அவன் மேலே. மிதிடான்னா கொட்டாவி விடுவான். அன்னைக்கு லோடு கொண்டுபோற முறை என்னுது. எனக்கு நல்ல காய்ச்சல். 'நீ படு, நான் போயிட்டு வரேன்'னான். குளிருக்கு அவன்கிட்ட கோட்டு இல்லை. என்னுதைக் குடுத்தேன். சங்கிலி அறுந்து என் தகடு அந்தக் கோட்டுப் பையில கிடந்ததே எனக்கு ஞாபகமில்லை. அவன் போன லாரிதான் எரிஞ்சுது. அதே சாயங்காலம் முகாமை வளைச்சு எங்களைப் பிடிச்சுட்டாங்க."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். நான் முகமூடியை எடுத்து வைக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டார்.

"திரும்பி வந்ததும் ராணுவ ஆபீசுல சொன்னேன். அங்க கல்லறைக் கல்லுல பேரை மாத்திட்டாங்க. அவன் வீட்டுக்குச் சொல்லணுமே, யாருன்னு கேட்டாங்க. அனாதை விடுதியில வளந்தவன். வீடு ஏது? அப்புறம் நம்ம வீட்டுக்கு வந்தேன். அம்மா கண்ணு ரெண்டும் புண்ணா இருக்கு. செத்தவனுக்காக அழுதிருக்கா. செத்தவன் அவன்தானே? அவனுக்கு அழறதுக்கு ஒரு அம்மா கிடைச்சிருக்கா. படத்தை இறக்கிட்டா, தப்பா அழுதுட்டோம்னு ஆயிடும். அந்த அழுகையை எப்படி அவன்கிட்ட இருந்து புடுங்கறது?"

சமையலறைக் கதவு சாத்தியிருந்த அந்த மத்தியானம் எனக்கு நினைவு வந்தது. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட மட்டும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. அப்புறம், 'அந்தப் புள்ளை என்ன விரும்பிச் சாப்பிடும்?'னு கேட்டா."

அம்மா துடைத்துக்கொண்டிருந்தது யாரை என்று அப்போதுதான் புரிந்தது. கூடவே கோபமும் வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லலை? நான் என்ன வேத்து ஆளா?"

"உன்கிட்ட சொன்னா பஸ் ஸ்டாண்டு மைக்குல சொன்ன மாதிரி" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அது அடங்கியதும் சொன்னார். "அதில்லை. சொன்னா நீ சந்தோஷப்படுவே. நல்லவேளை அவன் போனான், என் அண்ணன் போகலைன்னு. தப்பில்லை. கூடப் பிறந்தவ அப்படித்தான் நினைப்பா. ஆனா அதை உன் முகத்துல பாக்க எனக்குத் தெம்பில்லை."

"அப்படியெல்லாம் இல்லண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் உள்ளே அது ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தது. நல்லவேளை காய்ச்சல் வந்தது, நல்லவேளை அவன் போனான். மனதில் இருப்பதை முகத்தில் மறைக்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. அண்ணன் பார்த்துவிட்டார். "பாத்தியா" என்று மெல்லச் சொல்லி, என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது கொஞ்சம்தான். அந்த வாரமே போய்விட்டார்.

பட்டறைக்காரர்கள் சேர்ந்து நின்று எடுத்த ஒரு படத்திலிருந்து அண்ணனை மட்டும் பிரித்துப் பெரிதாக்கச் சொன்னேன். நரைத்த தலை, கரி அப்பிய சட்டை, வெயிலுக்குச் சுருக்கிய கண். மாட்டுவதற்கு வந்த கடைக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பழைய படமே நல்லாத்தானே இருக்கு? எதுக்கு ஒரே ஆளுக்கு ரெண்டு?" என்று கேட்டார்.

நாற்பது வருஷமாக "ஒரே ஆள்தான்" என்று சொல்லிப் பழகிய வாய் இது. "இல்லைங்க, ரெண்டு பேர்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஆணியை அடித்தார்.

அவர் போன பிறகு துணி எடுத்து வந்து முதலில் அண்ணனைத் துடைத்தேன். பிறகு நாடா கட்டிய படத்துக்கு வந்தேன். அத்தனை வருஷத்தில் நான் அதைத் துடைத்ததே இல்லை. இறக்கத்தான் கை நீட்டியிருக்கிறேன். அவன் கறுப்பா, சிவப்பா, நெட்டையா, குட்டையா, எதையும் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளவில்லை. எந்நேரமும் கொட்டாவி விடுவான் என்பது மட்டும்தான் தெரியும். என் அண்ணனின் முகத்தில், என் மகன் வயதில் அங்கே இருந்தான்.

"டேய்" என்றேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சந்தோஷப்பட்டுட்டேன்டா."

அண்ணனின் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணனுக்காக அந்த வாரமெல்லாம் அழுது தீர்த்திருந்தேன். இது அவனுக்கு மட்டும்.