ஒற்றைத் தும்மல்

அந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் என் மூக்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. மண்ணச்சநல்லூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்குச் சொந்தத்தில் ரைஸ் மில், ஒரே பிள்ளை, அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ஜாதகம் ஆனியிலேயே பொருந்திவிட்டது. ஆடியில் யாரும் பெண் பார்க்க வரமாட்டார்கள் என்பதால், ஆவணி பிறந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் என் தும்மலை நிறுத்தியாக வேண்டும் என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்தில் ஆடிக் காற்று கிளம்பினால் கொள்ளிடத்து மணல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். எனக்குக் காலையில் கண் விழித்ததும் தும்மல் ஆரம்பிக்கும். காபி ஆறிப்போகும் வரை நிற்காது. கண் சிவந்து, மூக்கு நுனி பழுத்து, பார்க்கவே சகிக்காது. முந்தின வருஷம் ஒரு வரன் எல்லாம் கூடி வந்த நேரத்தில், “பொண்ணுக்கு இழுப்பு இருக்காமே” என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. எனக்கு மூச்சிழுப்பு கிடையாது, வெறும் தும்மல்தான். ஆனால் ஊரில் அந்தப் பேச்சு இன்னொரு தடவை கிளம்பினால் எனக்குக் கல்யாணமே நடக்காது என்று அம்மா நடுங்கினாள். அவள் நடுங்கி நடுங்கி எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

வைத்தியத்துக்கா பஞ்சம்? அப்பா கொள்ளிடக் கரையிலிருந்து நொச்சித் தழை ஒடித்துக்கொண்டு வருவார். அதைக் கொதிக்க வைத்து, என் தலைமேல் போர்வையைப் போட்டு மூடி, “நல்லா இழு, இன்னும் இழு” என்று அம்மா பக்கத்திலேயே நிற்பாள். உள்ளே நான் வெந்துகொண்டிருப்பேன். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையை முகரச் சொல்வாள். ஓமத்தைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிவிடுவாள். தூதுவளை ரசம், மிளகு வைத்து மடித்த வெற்றிலை, துளசித் தண்ணீர் என்று என் வயிறு ஒரு நாட்டு மருந்துக் கடையாகிவிட்டது. இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் பரணில் எறிந்துவிட்டு, காய்ந்த நொச்சி இலையை உறையில் அடைத்துக் கொடுத்தாள். திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் வரும். துடைப்பத்தை ஒளித்து வைத்துவிட்டு வீடு முழுவதையும் ஈரத் துணியால் துடைத்தாள். பாய்களை வெயிலில் போட்டு உதறினாள். எது கேட்டதோ தெரியாது, ஆடிக் கடைசியில் தும்மல் குறைந்தது. ஒரு காலைப்பொழுது முழுக்கத் தும்மல் இல்லாமல் கழிந்தால்கூட அம்மா நம்பமாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பார்க்கிறாளே என்ற பயத்திலேயே எனக்கு மூக்கு அரிக்கும். எரிச்சலாக வரும், பாவமாகவும் இருக்கும்.

அவர்கள் வருகிற நாளும் வந்தது. எனக்குப் பவுடர் கிடையாது, தலையில் மரிக்கொழுந்து கிடையாது. பெட்டியில் இருந்த பட்டுப் புடவையை முதல் நாளே காற்றாட விரித்துப் போட்டாயிற்று. எல்லாவற்றையும் யோசித்த அம்மா அப்பாவை மறந்துவிட்டாள். வருகிறவர்களைப் பாயில் உட்கார வைப்பது மரியாதையில்லை என்று அப்பாவுக்குக் கடைசி நிமிஷத்தில் தோன்றியிருக்கிறது. பரணில் வருஷக்கணக்காகச் சுருண்டு கிடந்த ஜமுக்காளத்தை எடுத்து அப்படியே கூடத்தில் விரித்துவிட்டார்.

பையனும் அவன் அம்மாவும் தாய்மாமாவும் வந்து உட்கார்ந்தார்கள். நான் காபி கொடுத்தேன். மூக்கு அடக்கமாக இருந்தது. பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். நல்ல முகம். எனக்குப் பிடித்துவிட்டது, மறைப்பானேன். “விழுந்து கும்பிட்டுக்கம்மா” என்றார் அப்பா. முழங்கால் மடக்கி, நெற்றி தரையில் பட விழுந்தேன். முகம் அந்த ஜமுக்காளத்தில் புதைந்தது.

தாய்மாமா மேலே பேசிக்கொண்டிருந்தார். “எல்லாருக்கும் திருப்திதான். இப்பவே வெத்தலை பாக்கு மாத்திக்கலாமா?”

தும்மிவிட்டேன். கூடமே அதிர்கிற மாதிரி, ஒரே ஒரு தும்மல்.

நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. இரண்டாவது வந்துவிட்டால் தோஷமில்லை, நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அத்தனை பேரும் என் மூக்கைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அம்மாவின் கண், தும்மு தும்மு என்று என்னைக் கெஞ்சியது. ஆடி முழுக்கப் படுத்திய மூக்கு அன்றைக்கென்று அடங்கிக் கிடந்தது.

“தண்ணி குடிச்சிட்டு வா” என்று அம்மா என்னை உள்ளே அனுப்பினாள். சமையலறையில் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையை அடக்கிக்கொண்டிருந்தபோது, பையனின் அம்மா வந்தார். தனக்கும் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், குடிக்கவில்லை. அடுப்படியில் இருந்த பானையை எட்டிப் பார்த்தார்.

“நொச்சியா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போச்சு, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“எத்தன வருஷமா இருக்கு?” என்றார். குரலில் கோபம் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினார்.

“சின்ன வயசுலேர்ந்துங்க. வெறும் தும்மல்தாங்க, வேற ஒண்ணும் இல்லீங்க.”

“எனக்கும் வெறும் தும்மலாத்தான் இருந்துச்சு. எங்க வீடு மில்லுக்குப் பின்னாடியே இருக்கும்மா. தவிடு பறக்காத நாளே கெடையாது. சோத்துல தவிடு, துணியில தவிடு. இந்த நொச்சி, மஞ்சப் புகை எல்லாம் நானும் பாத்துட்டேன். இப்ப படுத்துத் தூங்குனா மூச்சு அடைக்குது, செவுத்துல சாஞ்சுதான் தூங்குறேன்.” நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். “எம் பையன் தங்கமானவன். ஆனா தவிட்ட அவனால நிறுத்த முடியாது. நீ அங்க வராத, கண்ணு. வெளிய நான் பேசிக்கிறேன்.”

இந்த ஒரு மாதத்தில், மூக்கைப் பற்றி அத்தனை பேசினோம். அந்த மூக்கு போய்ச் சேரப்போகிற வீட்டில் என்ன பறக்கும் என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் கூடத்துக்குப் போய், இழுப்பைப் பற்றியோ நொச்சியைப் பற்றியோ மூச்சு விடவில்லை. “ஒத்தத் தும்மல் ஆயிடுச்சு. பொண்ணு லட்சணமான பொண்ணு, கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா சகுனம் சரியில்லாம செய்ய எனக்கு மனசு ஒப்பல. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். சகுனம் என்று சொன்ன பிறகு யார் என்ன வாதாடுவது? அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் வாசல் தாண்டியதும் அம்மா ஜன்னலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “ஒரு மாசம் உயிரக் குடுத்துப் பாத்தேனே. இன்னொரு தும்மல் தும்மித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?”

எனக்கும் அழுகை வந்தது. அந்தச் சிரித்த முகம் கண்ணுக்குள் நின்றது. தப்பித்தோம் என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் நின்ற வண்டி வரைக்கும் அவரால் ஒரே நடையாகப் போக முடியவில்லை. கொஞ்ச தூரம் நடப்பார், நின்றுவிடுவார். மறுபடி நடப்பார், நிற்பார்.

அம்மாவும் எட்டிப் பார்த்தாள். “வேணாம்னு சொல்லிட்டு, நின்னு நின்னு போறதப் பாரு. நம்ம வீட்ட வேடிக்கை பாத்துக்கிட்டுப் போறா. எவ்வளவு திமிரு.”

“திமிரு இல்லம்மா” என்றேன். “மூச்சு வாங்குறாங்க. அவங்களும் கல்யாணமாகி வந்தப்ப வெறும் தும்மல்தானாம்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். அவர் வண்டியில் ஏறி உட்காரும் வரை அம்மா ஜன்னல் கம்பியை விடவே இல்லை.