பதிலி ஆளின் பேர்

சொன்னா சிரிப்பீங்க. பேய்க் கதை ஆரம்பிச்சாலே எழுந்து போயிடற ஆள் நான். எங்க மூலக்குளம் வீட்டில் முதல்ல பள்ளிக்கூடம் போனவ, காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் எம்.ஏ. முடிச்சவ.

நாங்க சில பேர் சேர்ந்து, மூடிப்போன துணி மில்லோட பழைய படங்களைத் தொழிலாளர் குடும்பங்களிடம் வாங்கி, ஸ்கேன் பண்ணி, பேரோட இணையத்தில் ஏத்தறோம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஸ்கூல் வகுப்பறையில் உட்காருவோம். அப்படி ஒரு ஆயுத பூஜை படம் வந்துச்சு. மாலை போட்ட தறி, சந்தனம் பூசின முகங்கள், ஓரத்தில் கையைக் கட்டிக்கிட்டு எங்க அப்பா ஏழுமலை. அந்த வயசு அப்பாவை நான் பார்த்ததே இல்ல, பார்த்துக்கிட்டே இருந்தேன். ஆனா பின்பக்கம் அப்பா நின்ன இடத்துக்கு எழுதியிருந்த பேர் முனுசாமி. அப்பா பதிலி ஆள். யாராவது லீவு போட்டா அவங்க தறியில் நிப்பார், பேர் மட்டும் தறிக்காரரோடது. மில் மூடற வரைக்கும் அப்பா பேர் எந்தப் பட்டியல்லயும் ஏறல. இப்ப அப்பாவும் இல்ல.

பின்னால இருக்கிற பேரை மாத்தணும்னா ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். அந்த விதியைப் போட்டதே நான்தான். அம்மா ஒரு சாட்சி. மில்லில் வேலை பார்த்த பெரியவங்க யாருக்கும் நினைவில்ல.

"பொண்டாட்டி சாட்சியெல்லாம் ஒரு சாட்சியாம்மா? சினிமா நடிகர் நின்னாலும் எம் புருஷன்னுதான் சொல்லும்" என்றார் அந்தப் பெரியவங்கள்ல ஒருத்தர்.

"யோவ், கையைக் கட்டிக்குனு நிக்கறத பாத்தா தெரியல?" என்று அம்மா சண்டைக்குப் போனாங்க.

அடுத்த ஞாயிறு எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நல்ல வெயில், மதியம் ரெண்டு மணி. காக்கிச் சட்டை போட்ட ஒருத்தர் வந்தார். படத்தைப் பார்த்ததும் சிரிச்சுட்டார்.

"இது ஏழுமலை ஆச்சே. நாந்தான் முனுசாமி. அன்னிக்கு மச்சான் கல்யாணத்துக்குப் போயிட்டேன். என் தறியில நின்னவன் அவன்தான்."

நோட்டில் கையெழுத்துப் போட்டார். அவர் எதிரிலேயே அப்பா பேரை ஏத்தினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உட்கார்ந்துட்டாங்க.

"முனுசாமி அண்ணனா? அவரு பாடையத் தூக்குனதே உங்கப்பாதான்டி. நீ அப்ப ரெண்டாங்கிளாஸ்."

யாரோ விளையாடியிருக்காங்கன்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. இருக்கலாம். அப்பா பேரை நான் எடுக்கல.

அவங்க யார்கிட்டயும் நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு. கிளம்பும்போது வாசல்ல திரும்பி நின்னு அவர் சொன்னார்: "சாயங்காலம் அவனைப் பாக்கும்போது பேரு ஏறிடுச்சுன்னு சொல்லிடறேன்." அப்பா போனது இவருக்குத் தெரியாது போல, பாவம்னு நினைச்சு, சரிங்கன்னு தலையாட்டினேன்.