கால் படாத இடம்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். டிப்ளோமா முடித்து, அக்கராயனில் நான் பொறுப்பெடுத்துக் கட்டிய முதல் வீடு அது. போரில் ஷெல் விழுந்த பழைய வீட்டை உடைத்து, நல்ல செங்கல்லைச் சுவருக்கு ஒதுக்கினேன். கொங்கிறீற் துண்டுகளைப் புதுவீட்டு நிலத்துக்கு அடியில் நிரப்பினோம்.

மறுநாள் போனால், வீட்டுக்கார அக்கா சிவப்புச் சாயம் போட்ட தரைத் துண்டுகளை மட்டும் கிண்டி வெளியே வைத்திருந்தார்.

"என்னக்கா, நாங்கள் நிரப்ப நீங்கள் கிண்டுறீங்கள்? இப்பிடியெண்டா வாற பொங்கலும் இந்த ஓலைக் கொட்டிலுக்குள்ளதான்!" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, இது நான் சமைச்ச பழைய குசினி நிலம். என்ர மகள் செத்துக் கிடந்தது இதிலதான். இதுக்கு மேல நான் எப்பிடி நடந்து திரியிறது?"

என் சப்பாத்து அப்படியொரு துண்டின்மேல் இருந்தது. மெல்லக் காலை எடுத்தேன்.

"அப்ப எங்க வைப்பம் அக்கா?"

"கால் படாத இடத்தில."

மகளின் படம் மாட்டப்போகும் சுவரில், செங்கல்லோடு சேர்த்து அவற்றைக் கட்டினோம். சுவர் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. நான் திருத்தவில்லை.

இப்போது எந்த வீட்டை உடைக்கப் போனாலும், "இதில கால் படக்கூடாத இடம் இருக்கோ?" என்று முதலில் கேட்கிறேன். பலர் யோசிப்பதேயில்லை, உடனே கையை நீட்டிக் காட்டுகிறார்கள்.