ராகலை இறக்கத்தில் என் வலது தொடை

முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மலைநாட்டில் நடக்கப் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் போய் வந்தவன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பட்மின்டன் விளையாடும்போது என் வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. புதிதாக ஒன்று வைத்துக் கட்டினார்கள். எட்டாவது மாதம் வலி இல்லை, சமதரையில் நன்றாகவே நடந்தேன். ஆனால் பிசியோ அளந்தபோது வலது தொடை இடதைவிட மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. "தொடைக்குப் பலம் வராம இறக்கத்துல இறங்காதீங்க. இறங்கும்போது முழங்காலைப் பிடிச்சு நிறுத்துறது அந்தத் தசைதான்" என்றார். பயிற்சி தினமும் செய்கிறீர்களா என்று கேட்டார். செய்கிறேன் என்றேன். உண்மையில் வாரத்துக்கு ஒரு நாள் செய்தால் அதிகம்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். கொழும்புக் கோட்டையில் காலை 5.55க்கு ரயில், நானுஓயாவில் இறங்கியபோது 12.50. நுவரெலியாவுக்கு எட்டு கிலோமீட்டர், முச்சக்கரவண்டிக்கு 1,200 ரூபாய். (பேசிக் குறைக்கலாம், எனக்கு அந்தத் திறமை இல்லை.) "ஒரு வாரமா மழையே இல்லீங்க சார், நடக்கிறதுக்கு நல்ல நேரம்" என்றார் ஓட்டுநர். அங்கிருந்து ராகலைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், 130 ரூபாய்.

மறுநாள் காலை 7.30க்கு, தங்கியிருந்த வீட்டிலிருந்து தோட்டத்து வண்டிப் பாதையில் ஏறினேன். மூன்றரை கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அந்தத் தைரியத்தில், திரும்பும்போது தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதையைப் பிடித்தேன்.

பாதி தூரத்தில் வலது தொடை நடுங்க ஆரம்பித்தது. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்ப்பார்களே என்று வேகமாக நடந்தேன். முழங்கால் மடங்கியது. பாதையோரம் கொழுந்துச் சாக்கோடு நின்ற ஒரு பெண்மேல் போய் விழுந்தேன். அவருடைய இடது கை எங்கள் இருவருக்கும் அடியில் மாட்டிக்கொண்டது.

வேலையை மேற்பார்வையிடும் கங்காணி ஓடிவந்தார். "என்னாங்க சார் நடந்துச்சு?"

"மண்ணு வழுக்கிருச்சு" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பாதையில நிக்காதன்னு எத்தனை தடவ சொல்றது, யோகேஸ்வரி?"

"நான் ஓரமாத்தானே நின்னேன் கங்காணி" என்றார் அவர், மணிக்கட்டைப் பிடித்தபடி. பிறகு என்னைப் பார்த்தார். நான் காற்சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியிருந்தது காய்ந்த புழுதி.

மத்தியானம் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சொன்னார்: "கை வீங்கிப் போச்சாம். தோட்டத்து மருந்துக் காம்பிராவுல கட்டுப் போட்டிருக்காங்க. அவ கவனமில்லாம விழுந்தான்னு கங்காணி தோட்டத்து ஆபிசுல பெரியவங்ககிட்ட சொல்லிட்டாராம்."

வியாழன் காலை 6.30க்குப் பெரட்டுக்களத்துக்குப் போனேன். எல்லோரையும் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுக்கும் இடம் அது. முப்பது பேராவது இருப்பார்கள். யோகேஸ்வரியும் கைக்கட்டோடு நின்றார்.

"ஐயா, நேத்து மண்ணு வழுக்கல. என் காலுதான் மடங்குச்சு, ஆபரேசன் பண்ணுன காலு. அவங்க ஓரமாத்தான் நின்னாங்க" என்றேன் கங்காணியிடம்.

"வழுக்குச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். அங்கே ஒரு சீமெந்துப் படி இருந்தது. அதன்மேல் வலது காலில் மட்டும் நின்று, இடது காலை மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினேன். பாதியில் தொடை வெடவெடத்தது. கங்காணியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சரிங்க, பெரியவங்ககிட்ட மாத்திச் சொல்லிடுறேன்" என்றார்.

யோகேஸ்வரி சிரிக்கவில்லை. "இத நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, எம் புருசன்கிட்ட நான் பேச்சு வாங்கியிருக்க மாட்டேங்க" என்றார். மன்னிச்சிருங்க என்றேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. வீட்டுப் படியில், சிகிச்சை செய்த காலில் நின்று மற்றக் காலை இறக்கிப் பாருங்கள். நடுங்கினால் மலை காத்திருக்கட்டும். தொடையை அளக்கச் சொல்லுங்கள். பயிற்சி செய்யாவிட்டால் செய்யவில்லை என்றே சொல்லுங்கள். ஏறுவதை வைத்துக் காலை நம்பாதீர்கள். இறங்க வண்டிப் பாதையே போதும், கையில் ஒரு தடி இருக்கட்டும். தொடை நடுங்கினால், யார் பார்த்தாலும் உட்கார்ந்துவிடுங்கள்.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கார அம்மாவுக்கு போன் செய்தேன். கங்காணி சொன்னபடி மாற்றிச் சொல்லிவிட்டாராம். யோகேஸ்வரி வேலைக்குத் திரும்பிவிட்டாராம், ஆனால் கையை முழுதாக மடக்க இன்னும் முடியவில்லையாம். நான் இப்போது தினமும் பயிற்சி செய்கிறேன். வலது தொடை இடதைவிட ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு. அவருடைய கைக்கு யாராவது பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்க எனக்குத் தோன்றியது, போனை வைத்த பிறகுதான்.